இரண்டாம் பக்கம்

தேத்தண்ணிக்கு நன்றி, புவான் சக்கீனா. சீனி குறைவாகப் போடச் சொல்லியிருக்கிறீர்கள். ஈப்போவில் பத்து வருடமாக இருக்கிறேன், நான் வாய் திறந்து கேட்காமல் இப்படி ஒரு கோப்பை எனக்குக் கிடைத்ததே இல்லை.

பல்கலைக்கழக விசாரணைக் குழுவுக்காக என் வாக்குமூலத்தை வாங்க வந்திருக்கிறீர்கள். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து மேசையில் வைத்தீர்கள். வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். எந்த மொழியில் என்று கேட்டதற்கு, தமிழிலேயே எழுதுங்கள், எங்கள் வீட்டிலும் தமிழ்தான் என்றீர்கள். நல்லதாய்ப் போயிற்று. பேசும்போது வார்த்தை சிந்திவிடும், எழுதும்போது சிந்தாது. ஒன்பதாங்கட்டைத் தோட்டத்து ஆட்கள் என்மேல் கொடுத்திருக்கும் புகாரே சிந்திய வார்த்தைகளைப் பற்றியது என்பதால் இதில் கொஞ்சம் கவனமாக இருக்கிறேன்.

நான் விமலா. லகாட் என்ற ஈயச்சுரங்க ஊரில், ஈயம் தீர்ந்துபோன பிறகு பிறந்தவள். அப்பா லாரி ஓட்டிப் படிக்கவைத்தார். இப்போது சமகாலச் சமூகவியல் கோட்பாடு என்ற பாடத்தை நடத்துகிறேன். பெயரைக் கேட்டதும் மாணவர்களுக்குத் தலை சுற்றும். சுற்றுவதற்கு அதில் ஒன்றுமில்லை. முதல் வாரம் ஒரே ஒரு கேள்வி கொடுப்பேன். தனேஷ் என்று ஒருவன் வகுப்புக்குத் தினமும் தாமதமாக வருகிறான், ஏன்? அவன் சோம்பேறி என்று எழுதுகிறவர்களுக்குப் பூஜ்யம். பேருந்து இல்லாத ஊர், காலையில் தம்பி தங்கைகளைப் பள்ளியில் விட வேண்டிய வீடு, வாடகை கட்டுப்படியாகாத நகரம் என்று எழுதுகிறவர்களுக்கு முழு மதிப்பெண். மனிதர்கள் செய்கிறார்கள் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதியை அமைப்புதான் செய்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

என் முனைவர் பட்ட ஆய்வு காத்திருத்தலைப் பற்றியது. ஆளுகிறவர்கள் யாரையும் அடிக்க வேண்டியதில்லை, திட்டவும் வேண்டியதில்லை, காத்திருக்கச் சொன்னால் போதும். காத்திருக்கிறவன் பணிவாக இருப்பான், சத்தம் போட்டால் வரவேண்டியது வராமல் போய்விடுமோ என்று பயப்படுவான். யார் யாரைக் காக்க வைக்கிறார்கள் என்று பார்த்தால் அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இதை என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் விளக்கமாக எழுதியிருக்கிறேன். நேரம் கிடைத்தால் படித்துப் பாருங்கள், அந்த அத்தியாயத்தைத் தேர்வாளர்கள் மிகவும் பாராட்டினார்கள்.

ஒன்பதாங்கட்டைத் தோட்டம் ஈப்போவுக்கு வடக்கே செமோரைத் தாண்டி இருந்தது. ரப்பர் பால்மரங்களை வெட்டி, நிலத்தை விற்று இருபது வருடம் ஆகியிருந்தது. மரம் போயிற்று, வேலை போயிற்று, லயத்து வீடுகள் மட்டும் நின்றன. அந்த வரிசை வீடுகளில் பத்தொன்பது குடும்பங்கள் இருந்தன. விவரம் தெரிந்த பிள்ளைகள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள், மிச்சம் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நிலத்தைக் காலி செய்வதற்கு முன்னால் மாற்று வீடு கொடுங்கள் என்று இருபது வருடமாக மனு போட்டுக்கொண்டிருந்தார்கள். காத்திருத்தலை ஆராய இதைவிட நல்ல இடம் பேராக் மாநிலத்தில் வேறு கிடையாது. முதல் நாள் அந்த லயத்தைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவில்லை.

அந்த மக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லாவற்றுக்கும் அதுதான் மூலம். தோட்டம் இருந்த காலத்தில் துரையிடமிருந்து கடிதம் வந்தால் தோட்டத்து எழுத்தரான கிராணி அதைப் பிரிப்பார். விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஆட்கள் வரிசையில் நிற்கும்போது அதைத் தமிழில் சொல்வார். காதில் விழுந்ததுதான் கடிதம். வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கிராணியைத் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு, அப்படிக் கேட்டவனுக்கு மறுநாள் ஏறி இறங்கி மூச்சு வாங்கும் மேட்டுக்காட்டில்தான் வேலை. தோட்டம் போய் இருபது வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அலுவலகக் கடிதம் வந்தால் படித்த ஒருவரிடம் கொண்டுபோவார்கள். அவர் சொல்வதைத் தலைவர் கேட்டுக்கொண்டு வந்து, வீடு வீடாக நின்று சொல்வார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு மலாய் நன்றாகவே படிக்கத் தெரியும். ஆனால் அரசாங்கக் கடிதத்தைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் வழக்கம் அங்கே கிடையாது.

தலைவர் ஐயாவு. எழுபத்தொரு வயது. பால்வெட்டுக்காரராக இருந்தவர். மலாய் பேசுவார், படிக்கத் தெரியாது. ஆனால் காதால் கேட்டதை ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் திருப்பிச் சொல்வார். அதுதான் அவருடைய பெருமை. ஒருமுறை நான் சோதித்துப் பார்த்தேன். குடிநீர் வாரியத்துக் கடிதம் ஒன்றை வாசித்துக் காட்டிவிட்டு, அவர் பத்தொன்பது வீட்டிலும் சொல்வதைப் பின்னாலேயே போய்ப் பதிவு செய்தேன். பத்தொன்பது முறையும் ஒரே வாசகம், நான் நடுவில் இருமிய இடத்தில் அவரும் கொஞ்சம் நிறுத்தினார். வாய்மொழி மரபைப் பற்றி ஒரு கட்டுரை அதிலிருந்து எழுதினேன்.

நான் போன மூன்றாவது மாதத்திலிருந்து கடிதங்கள் என்னிடம் வர ஆரம்பித்தன. முன்னால் படித்துச் சொல்லிக்கொண்டிருந்த கடைக்காரர் கோலா கங்சாருக்குக் குடிபோய்விட்டார். நான் கேட்டு வாங்கவில்லை. அவர்களாகவே என்னைக் கிராணி ஆக்கினார்கள். அலுவலகப் படிவங்களில் தொடர்புக்கு என்ற இடத்தில் ஐயாவு என் கைப்பேசி எண்ணைக் கொடுக்கச் சொன்னார். கடிதங்களையும் என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"என் வூட்டுல ஒழுகுதும்மா. நீன்னா பத்திரமா வெச்சிருப்ப."

பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். புகாரில் எதைச் சொல்லியிருந்தாலும், பத்திரமாக வைத்திருந்தேன் என்பதை யாராலும் மறுக்க முடியாது. உங்கள் குழு ஏற்கெனவே என் அலமாரியிலிருந்து எடுத்துப்போன கடிதத்துக்கு நாற்பத்தேழாம் ஆவணம் என்று எண் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கிடைத்த தேதியையும் எழுதியிருந்தேன். குற்றவாளிகள் இப்படிச் செய்வதில்லை.

கடிதம் தைப்பூசம் முடிந்த வாரத்தில் வந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என் மேற்பார்வையாளர் கனகராஜைப் பார்க்கப் போயிருந்தேன். அவருக்கு இதில் எதுவும் தெரியாது, அவரை இழுக்க வேண்டாம். என் அத்தியாயங்களைப் புரட்டிவிட்டு அவர் சொன்னது இதுதான். பதினோரு மாதம் களப்பணி செய்திருக்கிறாய், நன்றாக இருக்கிறது, ஆனால் இன்னும் ஏழு மாதம் வேண்டும். முடிவே வராத காத்திருப்பில்தான் கோட்பாடு இருக்கிறது. நாளைக்கே அவர்களுக்கு வீடு கிடைத்துவிட்டால் உன் ஆய்வேடு நாளிதழ்ச் செய்தியாகிவிடும். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பத்து வருடப் படிப்பு, புவான். அப்பா லாரியிலிருந்து இறங்கி நாலு வருடம் ஆகியிருந்தது, தினமும் தொலைபேசியில் எப்போது டாக்டர் ஆவாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஐயாவு ஒரு பிளாஸ்டிக் பையில் உறையைக் கொண்டுவந்தார். கோயில் கொட்டகையில் உட்கார்ந்து பிரித்தேன். முதல் பக்கத்தில், உங்கள் மனு கிடைத்தது, அது மாநில அளவில் பரிவோடு பரிசீலிக்கப்பட்டது என்று இருந்தது. பக்கம் அங்கே முடிந்தது. இரண்டாம் பக்கம் 'எனவே' என்ற சொல்லில் தொடங்கியது. எனவே, பத்தொன்பது குடும்பங்களுக்கும் செமோர் அருகில் ஆளுக்கொரு தரைவீடு ஒதுக்கப்படுகிறது, இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்தோ கைரேகையோ வைத்து அறுபது நாளுக்குள் அனுப்ப வேண்டும், தவறினால் ஒதுக்கீடு ரத்தாகி, அடுத்த பட்டியலில் இருப்பவர்களுக்குப் போய்விடும். அதற்குக் கீழே பத்தொன்பது படிவங்கள். பெயர்கூடத் தட்டச்சு செய்து வந்திருந்தது, கைரேகை ஒன்றுதான் பாக்கி.

நான் முதல் பக்கத்தை வாசித்தேன். முழுதாக வாசித்தேன். ஒரு வரி விடவில்லை. ஐயாவு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அப்ப நாங்க என்னா செய்யணும்மா?"

"காத்திருக்கணும் மாமா."

அது கடிதத்தில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அது என் கருத்து. ஆய்வாளருக்குக் கருத்து இருக்கலாம். அதை அவர் கடிதத்தின் வாசகம் என்று எடுத்துக்கொண்டது அவர் வளர்ந்த அமைப்பின் விளைவு. அன்று மாலைக்குள் பத்தொன்பது வீட்டு வாசலிலும் நின்று சொல்லிவிட்டார். ஒங்க மனு வந்து சேந்துச்சு, பரிவோட பாத்துட்டாங்க, காத்திருக்கணும். ஆட்கள் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்கள். அந்தத் தலையாட்டலை நான் குறித்துக்கொண்டேன், ஐந்தாம் அத்தியாயம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

நான் நிரந்தரமாக மறைக்க நினைத்தேன் என்று எண்ண வேண்டாம். ஒரு வாரம்தான் என்று நினைத்தேன். நல்லம்மாளின் நேர்காணல் பாதியில் நின்றிருந்தது. எண்பது வயது, தனிக்கட்டை, ஆயாக்கொட்டகையில் ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். வீடு கிடைத்துவிட்டது என்று தெரிந்தால் அவர் பேச்சில் ஒரு குதூகலம் வந்துவிடும், இருபது வருடக் காத்திருப்பின் களைப்பு போய்விடும். அப்புறம் அதை எங்கே போய்ப் பிடிப்பது? ஆராய்கிற இடத்தில் ஆய்வாளர் ஒரு துரும்பையும் நகர்த்தக்கூடாது என்று உங்கள் குழுவின் கையேட்டிலேயே இருக்கிறது. நான் நகர்த்தவில்லை. நல்லம்மாளின் படிவத்தில் பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்ததைக் கவனித்து, பென்சிலால் திருத்தி வைத்தேன். பிற்பாடு தேவைப்படும்போது சரியாக இருக்கட்டும் என்று.

நல்லம்மாளைக் கண் மருத்துவமனைக்கு மூன்று தடவை என் காரில் அழைத்துப் போனேனே, அது துரும்பை நகர்த்துவது ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். அது மனிதாபிமானம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒரு வாரம் இரண்டாயிற்று, பிறகு நாலு. மாசி மகத்துக்குப் பால்குடம் எடுத்தார்கள். வீட்டுக்காக வேண்டிக்கொண்டு நல்லம்மாளும் குடம் சுமந்தார். அலுவலகம் அவருக்கு வீடு ஒதுக்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. வெயிலில் அவர் தள்ளாடியபோது நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, புவான். அந்த அழுகையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். ஆய்வாளர் தன் உணர்ச்சிகளையும் மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும் என்பது இன்றைய கோட்பாடுகள் வலியுறுத்துகிற விஷயம்.

ஐம்பதாவது நாள் வாக்கில் வீடமைப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி என் கைப்பேசிக்கு அழைத்தார். நல்ல மனிதர், குரலிலேயே தெரிந்தது. படிவம் ஒன்றுகூட வரவில்லையே, ஏதாவது சிக்கலா என்று மலாயில் கேட்டார். அவர்கள் காத்திருக்கிறார்கள் என்றேன். எதற்காக என்று கேட்டார். அது அவர்களுடைய பழக்கம், கூடிப் பேசி முடிவெடுப்பார்கள் என்றேன். பிறர் பழக்கவழக்கத்தை மதிக்கும் அதிகாரி, சரி என்று வைத்துவிட்டார். அவர் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன். கேட்கவில்லை.

கலாதேவி ஒருத்திதான் கேட்டாள், அதுவும் வேறு விதமாக. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள், முப்பத்தெட்டு வயது, ஒன்பதாம் வகுப்பான மூன்றாம் படிவம்வரை படித்தவள், நறுக்கென்று பேசுவாள். கடிதத்தை ஒரு தடவை தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். ஐயாவுவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று, தன் வாயை நம்பவில்லை என்று வருத்தம். நான் சமாதானம் செய்து, மறுநாள் அவளுக்கு ஒரு நகல் கொண்டுவந்து கொடுத்தேன். முதல் பக்கத்தின் நகல். அவள் புரட்டிப் பார்த்தாள்.

"கீழ கையெழுத்தே இல்லையேக்கா."

அசல் பத்திரமாக இருக்கிறது என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தொழிற்சாலைப் பேருந்து வந்ததும் ஏறிப் போய்விட்டாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. படித்தவர்களைச் சந்தேகிப்பது தோட்டத்து ஆட்களிடம் அதிகம் இல்லாத குணம், அவளிடம் மட்டும் எப்படி வந்தது என்று யோசித்தேன். தொழிற்சாலை வேலை ஆட்களை மாற்றிவிடுகிறது.

அறுபதாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. அன்று அங்கேயே இருந்தேன். ஐயாவு வேலி கட்டிக்கொண்டிருந்தார், நல்லம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இவ்வளவு அமைதியான ஒரு நாளை அந்த லயத்தில் நான் பார்த்ததில்லை. மனசுக்குள் ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. இனி நான் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, இரண்டாம் பக்கத்தில் இருந்தது இப்போது செல்லாத காகிதம்.

ஆகஸ்டு மாதம் மண்வாரி இயந்திரம் வந்தது. கூட வந்த அதிகாரி கையில் நகல் வைத்திருந்தார். பிப்ரவரியிலேயே கடிதம் அனுப்பினோம், நீங்கள் பதில் போடவில்லை, அந்த வீடுகளில் வேறு ஆட்கள் குடிவந்தாயிற்று என்று சொன்னார். ஒரே நாளில் லயம் தரைமட்டமாயிற்று. பாதிப் பேர் செமோரில் வாடகை அறைகளுக்குப் போனார்கள், சிலர் பிள்ளைகளிடம் போனார்கள். நல்லம்மாளை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது என் தலையில் கை வைத்து, நீ நல்லா இருக்கணும் தாயி என்றார். ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயர் முதலில் இருக்கிறது.

இடித்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை கோயில் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். கலாதேவிக்கு அன்று வேலை, வரவில்லை. அறுபது நாள் கெடு என்று கடிதத்தில் இருந்ததாமே, நீ ஏன் சொல்லவில்லை என்று எல்லாரும் ஐயாவுவைக் கேட்டார்கள். அவர் எழுந்து நின்று, கண்ணை மூடி, பிப்ரவரியில் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். மனு வந்து சேந்துச்சு, பரிவோட பாத்துட்டாங்க, காத்திருக்கணும். வயதாகிவிட்டது, பாதியை மறந்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறான் என்று ஒருவர் சொன்னார். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. முப்பது வருடம் அவரோடு பால் வெட்டியவர்கள் அவர் முகத்துக்கு நேரே ஏசினார்கள். அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும் என்று உங்கள் குழு நினைக்கும். ஆனால் ஒரு சமூகம் தன் தோல்விக்கு ஆளைத் தேடுகிற கணம் ஆய்வாளருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் வாய்க்கும். அமைப்பைக் குற்றம் சொல்லத் தெரியாதவர்கள் பக்கத்தில் நிற்கிறவனைக் குற்றம் சொல்வார்கள் என்பது வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதுகிற வாக்கியம். அது கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. தவிர, என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வது, கேட்காததைத் திணிக்காமல் இருப்பது, இதுதான் என் நேர்மை. அதிலிருந்து நான் வழுவியதில்லை.

அதன் பிறகு ஐயாவுவோடு யாரும் பேசவில்லை. கல்யாணத்துக்குக்கூட அழைக்கவில்லை. அக்டோபர் கடைசியில் லகாட் பக்கம் பழைய ஈயச்சுரங்கக் குட்டைக் கரையில் அவருடைய செருப்பு இருந்தது. மூன்றாம் நாள் அவரை எடுத்தார்கள். சாவுக்கு ஒன்பதாங்கட்டைக்காரர்கள் பதினோரு பேர்தான் வந்தார்கள். கலாதேவி வந்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், அந்த ஒற்றைப் பக்க நகலை நாலாக மடித்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள். மறுவாரம் அலுவலகத்துக்குப் போய் முழுக் கடிதத்தையும் கேட்டு வாங்கியிருக்கிறாள். என் கைப்பேசி எண் பதிவில் இருந்ததையும் பார்த்திருக்கிறாள். அதன் பிறகு எனக்குப் பட்டம் கிடைத்தது, ஆய்வேட்டுக்குப் பரிசு கிடைத்தது, வேலை கிடைத்தது. அவள் விடாமல் ஒன்றரை வருடம் கடிதம் எழுதி, இன்று நீங்கள் வந்திருக்கிறீர்கள். அவளுக்கு நல்ல விடாமுயற்சி. படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள்.

இங்கே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மேலே யாரும் எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன், அதற்கு ஒரு சிறு விளக்கம் சேர்த்தால் துல்லியமாக இருக்கும்.

சாவதற்கு ஒன்பது நாள் முன்னால் ஐயாவு ஈப்போவுக்கு வந்தார். காலை பத்து மணி இருக்கும். செமோரிலிருந்து பேருந்தில் வந்து, என் அறைக்குக் கீழே இருக்கிற சலாஹுதீன் பாயின் உணவுக்கடையில் வந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பை நிறைய ரம்புத்தான், இடித்த வீட்டுக்குப் பின்னால் நின்ற மரத்தில் பறித்தது. நான் இறங்கிப் போய், பதிவு செய்யலாமா மாமா என்று முறைப்படி கேட்டேன், சரிம்மா என்றார். கருவியைத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த மூன்று வாக்கியத்தையும் சொன்னார். ஒரு முறை சொல்லி, சந்தேகம் வந்தாற்போல இன்னொரு முறை சொன்னார். அப்புறம் கண்ணைத் திறந்தார்.

"நீ படிச்சதுல எதையாச்சும் நான் வுட்டுட்டேனாம்மா? நெசத்த சொல்லு. நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன்."

இல்லை என்ற ஒரு வார்த்தை போதும் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நேர்காணலில் கேள்வி கேட்கப்பட்டால் அதைக் கேட்டவரிடமே திருப்ப வேண்டும், நம் பதிலை அவர் வாயில் போடக் கூடாது. இதை என் மாணவர்களுக்கு ஆறாம் வாரம் சொல்லிக்கொடுக்கிறேன்.

"நீங்க என்னா நெனைக்கிறீங்க மாமா?"

பதிவில் அதற்குப் பிறகு நாற்பத்திரண்டு விநாடி மௌனம் இருக்கிறது. ரொட்டி தட்டுகிற சத்தமும் பாய் யாரையோ கூப்பிடுகிற சத்தமும் மட்டும் கேட்கும்.

"வுட்டுட்டேன் போலம்மா."

ரம்புத்தான் பையை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, வாரேம்மா என்று எழுந்து போனார். பேருந்து நிலையம்வரை நான் கூடப் போயிருக்கலாம். மேலே போய் உடனே எழுத்தில் பெயர்க்க உட்கார்ந்துவிட்டேன், அவர் குரல் காதில் இருக்கும்போதே செய்தால் பிழை வராது. அவர் ஒரு வார்த்தையும் விடவில்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார். வுட்டுட்டேன் போலம்மா என்ற அந்த வாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காது. என் ஆய்வேட்டின் தலைப்பே அதுதான்.

இத்துடன் என் வாக்குமூலம் முடிகிறது, புவான் சக்கீனா. கேட்ட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குழுவின் முடிவு எதுவானாலும் மரியாதையோடு காத்திருப்பேன். ஒரே ஒரு வேண்டுகோள். குழுவில் இருப்பவர்களுக்கு இதை நகல் எடுக்கும்போது எல்லாப் பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் விடுபட்டாலும் படிக்கிறவர்கள் என்னைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள்.